அண்ணன் கூறிய ஏலம்

என் அண்ணன் கிளாட்வினுக்கு ஆண்டவர் கொடுத்த சொத்து அவன் தொண்டை ஒன்றுதான். திரேஸ்புரம் கரையில் நாட்டுப்படகுகள் வந்து அணைந்ததும், மீனைக் கொட்டிவைத்துக்கொண்டு அவன் ஏலம் கூற ஆரம்பித்தால், இரண்டு தெரு தள்ளிப் படுத்திருக்கிற எனக்கு அலாரம் தேவைப்படாது. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. அப்பாவோடு கடலுக்குப் போனான், வாந்தி எடுத்துக்கொண்டு திரும்பினான். பரதவன் வீட்டுப் பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லையே என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். ஒருநாள் கரையில் ஏலக்காரருக்குத் தொண்டை கட்டிப்போனது. சும்மா நின்ற இவனைப் பிடித்து நிறுத்தினார்கள். அன்றிலிருந்து அதுதான் அவன் பிழைப்பு.

அவனைப் பற்றி நல்லது கெட்டது இரண்டும் சொல்ல எனக்குத்தான் உரிமை உண்டு. கூடப் பிறந்தவள் நான், எமில்டா. வீட்டிலேயே முந்திரி மக்ரூன் இனிப்புப் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். வாய்க்காரி என்று தெருவில் சொல்வார்கள். சொல்லட்டும், வாய் இருப்பதால்தான் பிழைத்துக் கிடக்கிறேன்.

அண்ணன் கதை வேறு. கரையில் அத்தனை சத்தம் போடுகிறவனுக்கு, மீன் விலையைத் தவிர வேறு எதையும் வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. பெண் பார்க்கப் போன இடத்தில், "ஜெசிந்தாவப் புடிச்சிருக்கா?" என்று கேட்டால், "உங்க இஷ்டம்" என்றான். மகன் விக்டர் கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது என்று வந்து நின்றபோது, "சரிடே" என்றான். அந்த "சரிடே"க்குள் சம்மதம் இருந்ததா, வருத்தம் இருந்ததா, யாருக்குத் தெரியும்? ஜெசிந்தா மைனி நோயில் போய்ச் சேர்ந்தாள். விக்டர் எந்தக் கடலில் இருக்கிறான் என்பது மாதத்துக்கு ஒருமுறை போனில் தெரியும். வீட்டில் மிஞ்சியது மகள் இசபெல்லா மட்டும்தான்.

இசபெல்லா சமூகப்பணி படித்தவள். எங்கள் கோயிலைச் சேர்ந்த சனம் எல்லாம் ஒரு பங்கு; அந்தப் பங்கின் இளைஞர் மன்றத்தை அவள்தான் நடத்தினாள். கரையில் போதை போட்டுவிட்டுக் கிடக்கிற பையன்களைக் கூட, "எந்திரில, பந்து வெளையாட வா" என்று சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். அவன்களும் முனகிக்கொண்டே போவான்கள். அத்தையைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, முந்திரி பொடித்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, நான் மொசாம்பிக் போகப் போறேன்" என்றாள்.

"அது எங்கன இருக்கு? நாகர்கோவில் தாண்டியா?" என்றேன். வேண்டுமென்றுதான் கேட்டேன்.

ஆப்பிரிக்காவில் இருக்கிறதாம். அங்கே ஒரு துறைமுக ஊர். படிப்பை விட்டுவிட்டு வேலையும் இல்லாமல் திரிகிற இளம்பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கு மோட்டார் வேலையும் தையலும் சொல்லிக்கொடுத்து, ஜெபமும் பந்தாட்டமுமாகக் கூட்டிச் சேர்த்து வைக்கிற ஒரு மையம் இருக்கிறது. துறவியாகாத சாதாரண ஆட்களையும் அந்த வேலைக்கு மூன்று வருஷத்துக்கு அனுப்புகிற ஒரு திருப்பணிக் குழுவில் இவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

"ஏளா, நம்ம கரையில கெடக்குத பயலுவளப் பாக்க ஆளில்லாமக் கெடக்கு. இவ கடல் தாண்டிப் போயி பந்து வெளையாடப் போறாளாம்!" என்றேன்.

"இங்கன நீங்க எல்லாரும் இருக்கீங்கள்லா அத்தை. அங்கன ஆளில்லன்னுதான் கூப்பிடுதாங்க."

"நான் இருந்து என்னத்தக் கிழிச்சேன்?"

"இனிமேக் கிழிங்க" என்று சிரித்தாள். அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது.

அதோடு விட்டதா? அந்தக் குழுவில் பணம் கிடையாதாம். விமானச் செலவு, விசா, மருத்துவக் காப்பீடு, அங்கே சாப்பாடு, பிள்ளைகளுக்கான சாமான் எல்லாவற்றையும் அனுப்புகிற பங்குதான் தாங்க வேண்டுமாம். எங்கள் கோயில் பாதிரியார் பங்குச்சாமி பூசையில் இதை விளக்கியபோது எனக்குத் தலை சுற்றியது. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது வெளிநாட்டுக் கோதுமைக்கும் பால்பவுடருக்கும் இதே கோயில் வாசலில் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறேன். இப்போது நாம் உண்டியல் குலுக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறோமா? நாம் எப்போது பணக்காரர் ஆனோம்? என்னிடம் ஒருவரும் சொல்லவில்லையே! அதே சமயம், அன்றைக்கு எங்கோ ஒரு ஊரில் என்னைப் போல ஒருத்தி முணுமுணுத்துக்கொண்டே போட்ட காசில்தானே அந்தப் பால்பவுடர் வந்திருக்கும் என்றும் தோன்றியது. போகலாம் என்பதா, வேண்டாம் என்பதா? பூசை முடிகிறவரை எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வீட்டில் இசபெல்லா அப்பனிடம் நேராகவே கேட்டுவிட்டாள். நானும் அங்கே இருந்தேன்.

"அப்பா, நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னா நான் போக மாட்டேன். மனசுல வச்சிக்கிட்டு இருக்காதீங்க."

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஆண்டவர் சித்தம் மக்கா" என்றான்.

"ஆண்டவர் சித்தம் எனக்குத் தெரியும். உங்க சித்தம் என்னன்னு கேக்கேன்."

"அதான் சொல்லுதம்லா" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சோற்றுப் பானையை அவன் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். கிணற்றில் போட்ட கல் மாதிரி இருந்தால் எந்தப் பெண்தான் என்னவென்று எடுத்துக்கொள்வாள்? அவள் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டாள்.

அக்டோபரில் மறைபரப்பு ஞாயிறு வந்தது, வேதம் பரப்பப் போகிறவர்களுக்காகக் காணிக்கை எடுக்கிற நாள். அன்றைக்குத் தட்டில் விழுகிற காணிக்கை முழுவதும் ஆயர் இல்லத்துக்குப் போய்விடும். பூசைக்குப் பிறகு கோயில் முற்றத்துப் பூவரசு மரத்தடியில், மக்கள் கொண்டுவருகிற கோழி, வாழைத்தார், தேங்காய் எல்லாவற்றையும் ஏலம் விடுவோம். இந்த வருஷ ஏலப் பணம் இசபெல்லாவுக்கு என்று ஆயரிடம் அனுமதி வாங்கியிருந்தார்கள். பங்குச்சாமி முந்தின வாரமே ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "ஏலத்துல தேவையான தொகை சேந்தா நம்ம பிள்ளை போகும். சேரலன்னா அந்த எடத்துக்கு வேற பங்குலருந்து வேற ஆள் போயிரும். குழு அதுக்கு மேல காத்திருக்காது."

வருஷா வருஷம் அந்த ஏலத்தைக் கூறுகிறவன் யார்? கிளாட்வின்தான். இந்த வருஷம் மட்டும் வேறு ஆளைத் தேடுவார்களா என்ன?

சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் என் அடுப்படிக்கு வந்து நின்றான். சும்மா வருகிறவன் இல்லை.

"ஏளா எமில்டா, நாளைக்குத் துட்டு சேரலன்னா?"

"சேரலன்னா போவ மாட்டா. சாமிதான் சொன்னாருல்லா."

"அப்பம் அதுவும் ஆண்டவர் சித்தம்தான?"

"பின்ன என் சித்தமா? போ அங்குட்டு, அடுப்புல வேல கெடக்கு" என்று விரட்டினேன். அவன் முகத்தில் ஏதோ ஒரு தெளிவு வந்திருந்தது. அதை அப்போது நான் யோசிக்கவில்லை, என் புத்தி அவ்வளவுதான்.

மறுநாள் மரத்தடியில் நல்ல கூட்டம். பங்குக்காரர்களைத் தவிர, அண்ணனுக்காகவே கரையிலிருந்து வருகிற இரண்டு பேர் அன்றைக்கும் வந்திருந்தார்கள். ஒருவர் கரையில் ஐஸ்கடை வைத்திருக்கிற சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி. இன்னொருத்தி சுடலைமாடத்தி. கரையில் மீன் எடுத்து, ஓட்டப்பிடாரம் பக்கம் கொண்டுபோய் விற்கிறவள். இரண்டு பேரும் எங்களைப் போல வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனால் கிளாட்வின் வீட்டு விசேஷம் என்றால் சொல்லாமலே வந்து நிற்பார்கள்.

மற்ற வருஷங்களில் அண்ணன் ஏலம் கூறினால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். "இந்தப் பூசணிக்காய எடுத்தா பொண்டாட்டி கோவம் ஆறும்" என்பான், கஞ்சனும் கையைத் தூக்குவான். அன்றைக்கு முதலில் வாழைத்தார் வந்தது. கேலி இல்லை, பாட்டு இல்லை. "இருநூறு. முந்நூறு. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்." முடிந்தது. அடுத்து ஒரு கோழி. பின்னால் நின்ற ஒருத்தர் கையைத் தூக்குவதற்குள் மூன்று தரமும் சொல்லி முடித்துவிட்டான். தேங்காய்க் குலை தேங்காய் விலைக்கே போனது. பங்குச்சாமி நெற்றியைத் துடைத்தார். சாமான்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்ற இசபெல்லா அப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவள் பக்கமே திரும்பவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அட பாவி மனுஷா! வேண்டாம் என்று வாயால் சொல்ல மாட்டான். பணம் சேராமல் பண்ணிவிட்டுப் பழியை ஆண்டவர் மேல் போடப் பார்க்கிறான். ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து நிறுத்தலாமா என்று இருந்தது. நிறுத்தினால் பிள்ளை போய்விடுவாள். நிறுத்தாவிட்டால் அவளை ஏமாற்றியதில் எனக்கும் பங்கு உண்டு. கால் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.

அடுத்தது சேவல். "ஐநூறு. ஒரு தரம், ரெண்டு தரம்..."

"ஏ அண்ணே, நில்லு!" சுடலைமாடத்தி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "என்ன அவசரம்? ஆயிரம்!"

"ஆயிரத்து ஐநூறு" என்றார் அண்ணாச்சி, சேவலைச் சரியாகப் பார்க்காமலே.

இது கரைக்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறிய சந்தேகம். ஏலக்காரன் ஒரு மீனை அவசரமாக முடிக்கிறான் என்றால், கூடைக்குள் நல்ல சரக்கு இருக்கிறது, அதைத் தனக்கு வேண்டிய ஆளுக்குச் சல்லிசாகத் தள்ளப் பார்க்கிறான் என்றுதான் வாங்குகிறவர்கள் நினைப்பார்கள். உடனே விலையை ஏற்றி மறிப்பார்கள். சேவலுக்குள் என்ன ஒளிந்திருக்கும் என்று அந்த இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை. கிளாட்வின் அவசரப்படுகிறான், விடக்கூடாது, அவ்வளவுதான்.

அண்ணன் இன்னும் வேகமாகச் சொன்னான். அவர்கள் அதைவிட வேகமாக ஏற்றினார்கள். கடைசியில் சேவல் அண்ணாச்சிக்கு விழுந்தது. "இத வச்சி நான் என்ன செய்ய? திரும்பக் கூறுல" என்று கோயிலுக்கே கொடுத்துவிட்டார். அப்படிக் கொடுத்தால் மறுபடி ஏலம் விடுவது எங்கள் பழக்கம். வெளியாட்களே இப்படிக் கேட்கும்போது நாம் சும்மா நிற்பதா என்று பங்குக்காரர்களுக்கும் ரோஷம் வந்துவிட்டது. அந்தச் சேவல் நாலு கை மாறி வந்தது. அதற்குப் பிறகு எதை எடுத்தாலும் அடிபிடிதான். என் மக்ரூன் பெட்டி போன விலையில் ஒரு கடைக்கு ஒரு மாதச் சரக்கே வாங்கலாம். பெருமைப்படுவதா, அழுவதா? போதாக்குறைக்கு ஒரு தென்னங்கன்றுக்கு நானே கையைத் தூக்கிவிட்டேன். தென்னை வைக்க என் வீட்டில் இடம் ஏது? பிள்ளை போகக் கூடாது என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கை மட்டும் மேலே போகிறது. ஏன் தூக்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அண்ணனின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. இழுத்து இழுத்து மந்தமாகச் சொல்லிப் பார்த்தான். அதுவும் பலிக்கவில்லை, சனங்கள் சூடேறிவிட்டார்கள்.

சாமான் எல்லாம் தீர்ந்தபோது ஒரே ஒரு முட்டைதான் பாக்கி. கால் முடியாத ஒரு கிழவி சின்ன டப்பாவில் அரிசி போட்டு, அதற்குள் வைத்துக் கொடுத்து அனுப்பியது. பங்குச்சாமி எண்ணிப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இன்னும் நாப்பதாயிரம் கொறையுது." எல்லார் பையும் காலி. நின்றவர்கள் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இசபெல்லா உதட்டைக் கடித்துக்கொண்டு அந்த டப்பாவை அப்பனிடம் நீட்டினாள்.

அண்ணன் முட்டையை எடுத்து உயரப் பிடித்தான். ஆரம்ப விலை சொல்வது ஏலக்காரன் பாடு. ஐந்து ரூபாயில் ஆரம்பித்தாலும் கேட்க ஆள் இல்லாத நேரம்.

"நாப்பதாயிரம்" என்றான்.

இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது.

"நாப்பதாயிரம். கேக்க ஆள் உண்டா? ஒரு தரம்... ரெண்டு தரம்..."

ஒரு கையும் மேலே வரவில்லை. எமகாதகன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆளே கேட்க முடியாத விலையைச் சொல்லிக் கதையை முடித்துவிட்டான். முட்டை விலை போகாது, பணம் சேராது, பிள்ளை வீட்டில் இருப்பாள். அவன் முட்டையை அரிசிக்குள் வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஏலே கிளாட்வினு, மூணாந்தரம் எங்கல?" அண்ணாச்சி கேட்டார்.

"கேக்க ஆளில்லியே அண்ணாச்சி."

"ஆளில்லன்னா? கரையில என்னல சட்டம்?"

அண்ணன் துண்டை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. ஏலக்காரன் தலைகால் தெரியாமல் ஆரம்ப விலையைச் சொல்லி, கேட்க ஆளில்லாமல் போனால், அந்த மீனை அதே விலைக்கு ஏலக்காரனே எடுத்துக்கொள்ள வேண்டும். படகுக்காரன் நஷ்டப்படக் கூடாது என்பதற்காகக் கரையில் வைத்திருக்கிற சட்டம். மற்ற ஏலக்காரர்களிடம் அந்தச் சட்டத்தைப் பேசிச் சண்டை போட்டவனே இவன்தான்.

சுடலைமாடத்தி கைதட்டிக்கொண்டே கத்தினாள்: "மூணு தரம்! முட்ட கிளாட்வின் அண்ணனுக்கு!"

கோயில் முற்றமே கைதட்டியது. மகளுக்காகக் குறைந்த பணத்தை அப்பனே தன் தலையில் போட்டுக்கொண்டான் என்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பங்குச்சாமி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். அண்ணன் வாயைத் திறந்தபடி நின்றான். அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்த்தது நானும் இசபெல்லாவும் மட்டும்தான்.

மத்தியானம் நேராக அவன் வீட்டுக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், முட்டை டப்பா மடியில் இருந்தது.

"மாடி எடுக்க வச்சிருந்த துட்டுதான கொடுக்கப் போற? அவளுக்குக் கல்யாணம் ஆனா மேல குடிவைக்கலாம்னு சேத்த துட்டுலா அது?"

"ஆமா."

"அப்பம் ஒண்ணே ஒண்ணு சொல்லு. நாப்பதாயிரம்னு வேணும்னே சொன்னியா? யாரும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லி மாட்டிக்கிட்டியா? கரைச் சட்டம் ஒனக்கு மறந்தா போச்சி?"

"தெரியலியே ளா" என்றான். "காலையிலருந்து அவ போவக் கூடாதுன்னுதான் நெனச்சேன். முட்டையக் கையில எடுக்கையிலயும் அதான் நெனச்சேன். வாயி ஏன் சரியா அந்தத் தொகையச் சொல்லிச்சி? எரநூறுன்னு சொல்லிருந்தாலும் கொறையத்தான செய்யும்? நானும் வந்ததுலருந்து அதத்தான் யோசிக்கேன். ஒண்ணும் புடிபடல."

திட்டலாம் என்று வந்தவளுக்குத் திட்டும் வரவில்லை.

உள்ளே இருந்து இசபெல்லா வந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். அழுது முகம் வீங்கியிருந்தது, குரல் மட்டும் உறுதியாக இருந்தது.

"அப்பா, காலையில நீங்க செஞ்சது எனக்கு மொதல் தார்லயே தெரியும். கோவம் இல்ல. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. சாமிட்டச் சொல்லி எல்லாருக்கும் துட்டத் திருப்பிக் கொடுத்துரலாம். வேண்டாம்னு ஒரு வார்த்த, ஒங்க வாயால சொல்லுங்க. நான் இருக்கேன்."

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தான். வாய் திறந்தது, மூடியது. சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். சொல்லித் தொலையேன் என்று நானும் மனதுக்குள் கெஞ்சினேன். சொல்லிவிடாதே என்றும் கெஞ்சினேன்.

"ஏலம் முடிஞ்ச பொறவு வெல பேசக் கூடாது மக்கா" என்றான்.

சொல்லிவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். இசபெல்லா தரையில் உட்கார்ந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். நானும் நின்ற இடத்திலேயே அழுதேன். சந்தோஷத்திலா துக்கத்திலா என்று என்னிடம் கேட்காதீர்கள்.